நோக்கியாவை நம்பிய நாடு: பின்லாந்தின் தொழில்நுட்ப வேலைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2005 வாக்கில் பின்லாந்தைப் பற்றி எழுதியவர்கள் அதை வெற்றிக் கதையாக எழுதினார்கள். 2012-க்குப் பிறகு எழுதியவர்கள் அதையே எச்சரிக்கைக் கதையாக எழுதினார்கள். இரண்டிலும் ஒரு விஷயம் விட்டுப்போனது: நோக்கியாவில் வேலை பார்த்தவர்கள் பிறகு எங்கே போனார்கள்? ஒரு நாடு தொழில்நுட்பத் துறையின் வேலைகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று யோசிப்பவர்களுக்கு அதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். கதை நம் ஸ்ரீபெரும்புதூரிலும் ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறது. அதையும் கடைசியில் சொல்கிறேன்.

எத்தனையோ நாடுகள் இருக்க, ஏன் பின்லாந்து?

சின்ன நாடு. மொத்த மக்கள்தொகை 55 லட்சத்தைச் சுற்றித்தான். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வாழ்பவர்களை விடக் குறைவு. அங்கே ஒரே ஒரு கம்பெனி உலகத்தின் உச்சிக்குப் போய், அங்கிருந்து சரிந்து, அதற்குப் பிறகு என்ன ஆனது என்பது வரை முழுச் சுற்றையும் பார்க்க முடிகிறது. பெரிய நாடுகளில் ஒரு துறை விழும்போது இன்னொரு துறை அதை மறைத்துவிடும். பின்லாந்தில் எதுவும் மறையவில்லை.

நோக்கியா எந்த அளவுக்குப் பெரியதாக இருந்தது?

2000-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு பின்லாந்தின் ஜிடிபியில் ஏறக்குறைய 4 சதவீதம் நோக்கியாவிடமிருந்து வந்தது. ஏற்றுமதியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். ஹெல்சிங்கி பங்குச்சந்தையின் மொத்த மதிப்பில் பாதிக்கு மேல். நாடு முழுவதும் ஆராய்ச்சிக்காகச் செலவான பணத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு.

வேலை எவ்வளவு? உள்நாட்டில் ஏறத்தாழ 24,000 பேர். நாட்டில் வேலை செய்தவர்கள் மொத்தம் 23 லட்சத்துக்கு மேல். அதாவது நூற்றுக்கு ஒருவர். மேலே சொன்ன எண்களையும் இந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொழில்நுட்பத் துறையைப் பற்றிப் பேசும்போது பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். பணம் கொண்டுவரும் அளவுக்கு அது வேலை கொண்டுவருவதில்லை.

நூற்றுக்கு ஒரு வேலைதானே? அதற்கா ஒரு நாடே ஆடிப்போகும்?

ஆடிப்போனது. அந்த நூற்றில் ஒன்று நாடு முழுக்கச் சீராகத் தூவிக் கிடக்கவில்லை. தெற்கே சாலோ, வடக்கே ஔலு, நடுவில் தாம்பரே, தலைநகரை ஒட்டி எஸ்போ என்று சில ஊர்களில் குவிந்து கிடந்தது. மாவட்டத்தின் சராசரி மழையளவைச் சொல்லி, ஏரி உடைந்த ஊருக்கு ஆறுதல் சொல்ல முடியுமா? அப்படித்தான் இதுவும்.

அடுத்தது, நோக்கியாவின் சம்பளப் பட்டியலில் இல்லாத, ஆனால் நோக்கியாவால் பிழைத்தவர்கள். போனுக்கு மேலுறை செய்தவர்கள், சர்க்யூட் போர்டு பொருத்தியவர்கள், மென்பொருளைச் சோதித்தவர்கள், கேன்டீன் நடத்தியவர்கள். எல்கோடெக் என்றொரு பின்லாந்துக் கம்பெனி. மற்றவர்களுக்காக எலக்ட்ரானிக் பொருள்களை ஒப்பந்தத்தில் செய்து கொடுப்பதில் உலக அளவில் பேர் வாங்கியது. 2011-ல் திவாலானது. இந்தக் கணக்கெல்லாம் நூற்றுக்கு ஒன்றில் வராது.

எனக்கு எல்லாவற்றையும் விட யோசிக்க வைத்தது சம்பள விஷயம். பின்லாந்தில் சம்பள உயர்வைத் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் அமைப்புகளும் துறைவாரியாக உட்கார்ந்து பேசி முடிவு செய்வது வழக்கம். நாட்டின் உற்பத்தித்திறன் எவ்வளவு கூடியது என்பது அந்தப் பேச்சில் ஒரு முக்கியமான அளவுகோல். நோக்கியா ஓடிய ஓட்டத்தில் நாட்டின் சராசரியும் மேலே போயிற்று. 2007-க்குப் பிந்தைய ஒப்பந்தங்களில் சம்பளம் கணிசமாக உயர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நோக்கியா சரிய, சராசரி கீழே வந்துவிட்டது. சம்பளச் செலவு மேலேயே நின்றது. நோக்கியாவுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத ஓர் இயந்திரத் தொழிற்சாலையும் வெளிச்சந்தையில் விலை கட்டுப்படியாகாமல் திணறியது. அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய பொருளாதார வல்லுநர்கள் அங்கே பலர். வீட்டில் ஒருவர் மட்டும் நன்றாகச் சம்பாதிக்கும்போது குடும்பச் செலவு அவருடைய வருமானத்துக்கு ஏற்றபடி விரிந்துவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். அதே கதை ஒரு தேசத்துக்கு நடந்தது.

இந்த நிலைக்கு எப்படி வந்தார்கள்? திட்டமிட்டா?

பாதி திட்டம், பாதி நெருக்கடி.

1980-களின் தொடக்கத்தில் பின்லாந்து ஏற்றுமதியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சோவியத் ஒன்றியத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. 1991-ல் அந்த நாடே இல்லாமல் போனது. அதே நேரத்தில் உள்நாட்டில் கடன் கொடுத்துக் கொடுத்து ஊதிய வங்கிகளும் விழுந்தன. 1990-ல் 3 சதவீதமாக இருந்த வேலையின்மை 1994-க்குள் 17 சதவீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டுகளைப் பின்லாந்துக்காரர்கள் இன்றும் வெறுமனே 'லாமா' என்கிறார்கள். மந்தம் என்று பொருள். அவர்கள் அதைச் சொல்லும்போது பஞ்சம் என்று நாம் சொல்வது போலத்தான் ஒலிக்கிறது.

நோக்கியாவும் அப்போது தள்ளாடியது. 1865-ல் மரக்கூழ் ஆலையாகத் தொடங்கி, ரப்பர் கம்பெனியோடும் கேபிள் கம்பெனியோடும் 1967-ல் இணைந்து, டிவி முதல் ரப்பர் பூட்ஸ் வரை எல்லாம் செய்த ஒரு கூட்டுக்கடை அது. 1992-ல் தலைமைக்கு வந்த யோர்மா ஒல்லிலா மற்றதையெல்லாம் படிப்படியாக விற்றுவிட்டுத் தொலைத்தொடர்பை மட்டும் பிடித்துக்கொண்டார்.

அதற்கான நிலம் முன்பே உழுது கிடந்தது. வடக்கு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 1980-களின் தொடக்கத்திலேயே பொதுவான மொபைல் வலையமைப்பை அமைத்திருந்தன. 1983-ல் அரசு, தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கத் 'தெகெஸ்' என்ற அமைப்பைத் தொடங்கியது. 1991 ஜூலை 1 அன்று உலகின் முதல் வணிக ஜி.எஸ்.எம். (டிஜிட்டல் மொபைல் முறை) அழைப்பு பின்லாந்தில்தான் ஒலித்தது. பேசியவர் முன்னாள் பிரதமர் ஹர்ரி ஹோல்கெரி. மறுமுனையில் தாம்பரே நகரத் துணை மேயர் காரினா சுவோனியோ. கருவிகள் நோக்கியாவுடையவை. நாடு மந்தத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்த மாதங்களில் நடந்த அழைப்பு அது. 1998-ல் மோட்டோரோலாவைத் தாண்டி நோக்கியா உலகின் முதல் போன் தயாரிப்பாளர் ஆனது.

மந்தத்தின் நடுவிலும் ஆராய்ச்சிக்கான அரசுப் பணத்தை வெட்டாமல் வைத்திருந்தார்கள். அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஐபோன்தான் நோக்கியாவைக் கொன்றதா?

அன்றைய பிரதமர் அலெக்சாண்டர் ஸ்டுப் 2014-ல் ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார்: ஐபோன் நோக்கியாவைக் கொன்றது, ஐபேட் காகிதத் தொழிலைக் கொன்றது என்று. காகிதமும் போனும் பின்லாந்தின் இரண்டு தூண்கள், இரண்டும் ஒரே சமயத்தில் ஆட்டம் கண்டன என்பது உண்மை.

முழுப் பதில் அவ்வளவு எளிதல்ல. 2007-ல் ஐபோன் வந்தபோது உலகில் விற்ற போன்களில் பத்தில் நான்கு நோக்கியாவுடையது. அதன் சிம்பியன் மென்பொருள் தொடுதிரைக் காலத்துக்கு ஏற்றபடி வேகமாக மாறவில்லை. 2010 செப்டம்பரில் ஸ்டீபன் ஈலோப் தலைமைக்கு வந்தார். 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனோடு கைகோத்தார். 2013 செப்டம்பரில் போன் பிரிவையே மைக்ரோசாஃப்டுக்கு 544 கோடி யூரோவுக்கு விற்பதாக அறிவிப்பு வந்தது. உச்சத்தில், 2000-ல், கம்பெனியின் சந்தை மதிப்பு 30,000 கோடி யூரோ அளவில் இருந்தது.

வேலைகளைப் பொறுத்தவரை ஐபோன் தாமதமாக வந்த விருந்தாளி. அது வருவதற்கு முன்பே ஆலை வேலைகள் கிளம்ப ஆரம்பித்துவிட்டன.

எந்த வேலைகள் முதலில் போயின?

முதலில் பிளாஸ்டிக். போனுக்கு மேலுறை செய்த பெர்லாஸ் 2007-ல் பின்லாந்தில் இருந்த தன் ஆலைகளை மூடப்போவதாக அறிவித்தது. சுமார் 1,200 பேர்; பெரும்பாலும் நாட்டின் கிழக்கு மூலையில், மாற்று வேலை குறைவாக உள்ள பகுதியில். நோக்கியா அப்போது சாதனை லாபத்தில் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். போன்கள் சீனாவிலும் இந்தியாவிலும் பொருத்தப்பட்டன. உறை செய்பவரும் அங்கே போனார். பெர்லாஸுக்கு நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் வளாகத்தில் ஆலை இருந்தது.

பிறகு அசெம்பிளி லைன்: சாலோ, 2012. கடைசியாக இன்ஜினியர்கள். மைக்ரோசாஃப்ட் வாங்கிய பிறகு 2014 ஜூலையில் பின்லாந்தில் 1,100 பேர், 2015 ஜூலையில் 2,300 பேர் வரை, 2016 மே மாதத்தில் 1,350 பேர் வரை என்று மூன்று அலைகள்.

கையால் செய்யும் வேலை முதலில் போகும், மூளையால் செய்யும் வேலை தங்கிவிடும் என்று நாட்டின் தலைவர்கள் நம்பினார்கள். ஐந்தாறு ஆண்டு இடைவெளியில் இரண்டும் போயின.

சாலோவில் என்ன நடந்தது?

சாலோ தென்மேற்குப் பின்லாந்தில் ஓர் ஆற்றங்கரை ஊர். ரேடியோவும் டிவியும் செய்த சலோரா கம்பெனி அங்கே வளர்ந்தது. 1979-ல் சலோராவும் நோக்கியாவும் சேர்ந்து மொபைல் போனுக்காக மொபிரா என்ற கம்பெனியைத் தொடங்கின. அதிலிருந்துதான் நோக்கியாவின் போன் தொழிலே கிளைத்தது. உச்சக் காலத்தில் அந்த ஊரில் நோக்கியாவுக்கு 5,000 பேர் வரை வேலை பார்த்தார்கள். அம்மா, அப்பா இருவரும் ஒரே ஆலையில் வெவ்வேறு ஷிஃப்ட் என்பது அங்கே சாதாரணம்.

பின்லாந்தில் பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு, அந்தக் காலத்தில் மருத்துவமனை வரை எல்லாமே நகராட்சியின் பொறுப்பு. அதற்கான பணம் மக்கள் கட்டும் வருமான வரியிலிருந்தும், ஊரில் உள்ள கம்பெனி கட்டும் வரியின் ஒரு பங்கிலிருந்தும் வரும். நோக்கியா இருந்ததால் சாலோ பணக்கார நகராட்சி. 2009 ஜனவரி 1 அன்று சுற்றியிருந்த 9 சிறு நகராட்சிகள் சாலோவோடு இணைந்தன. மொத்தம் 55,000 பேர் அளவில் ஒரே நகராட்சி. பணக்கார வீட்டில் பெண் கொடுத்தது போல அந்தச் சிற்றூர்கள் நிம்மதியாக இருந்திருக்கும். மூன்றே ஆண்டில் வரி வருமானம் நொறுங்கியது.

2012-ல் லைன் நின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உலகமயமாக்கல் நிவாரண நிதியிலிருந்து சாலோ தொழிலாளர்களின் மறுபயிற்சிக்காக 50 லட்சம் யூரோவுக்கு மேல் வந்தது. 2015-ல் அங்கே மிச்சமிருந்த 1,100 பேரின் வடிவமைப்புப் பிரிவையும் மூடப்போவதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. வீட்டு விலைகள் இறங்கின. வேலை தேடி வேறு ஊர் போக நினைத்தவருக்கு வீடே விலங்காகிவிட்டது: விற்றால் கடன் அடையாது, விற்காமல் போக முடியாது. வேலையிழப்பு எண்ணிக்கையில் இந்தப் பூட்டு தெரியவே தெரியாது.

பிற்பாடு அந்தக் கட்டடங்களில் சிறு தொழில்நுட்பக் கம்பெனிகளுக்கான ஒரு வளாகம் வந்தது. 2019-ல் வால்மெட் ஆட்டோமோட்டிவ் அங்கே மின்சாரக் காருக்கான பேட்டரி ஆலையைத் தொடங்கியது. நோக்கியா இருந்த அளவுக்கு இல்லை. ஆனால் இப்போது ஒரே கூரையின் கீழ் பல பெயர்ப்பலகைகள்.

ஔலுவும் அதே அடியைத்தானே வாங்கியது? அது எப்படிச் சமாளித்தது?

அதே அடிதான். 2014-ல் மைக்ரோசாஃப்ட் ஔலு பிரிவை மூடியபோது ஒரே நாளில் 500 பேர். ஓராண்டு, ஈராண்டு அங்கேயும் வேலையின்மை கடுமையாக இருந்தது. நடுவயது இன்ஜினியர்கள் நீண்ட நாள் வீட்டில் இருந்தார்கள்.

ஆனால் சாலோ செய்தது பொருளை. ஔலு செய்தது ரேடியோ ஆராய்ச்சியை. 1958-ல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தைச் சுற்றி அரை நூற்றாண்டாக அலைவரிசை தெரிந்த ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் கையில் இருந்த வேலை போன் என்ற ஒரு பொருளோடு கட்டப்பட்டதல்ல. தைவானின் மீடியாடெக் அங்கே வந்து ஆள் எடுத்தது. விரலில் மோதிரமாக அணிந்து தூக்கத்தை அளக்கும் ஓரா 2013-ல் அந்த ஊரில் பிறந்தது. நோக்கியாவின் பேஸ் ஸ்டேஷன் (செல்போன் கோபுரக் கருவி) வேலைகள் ஔலுவிலேயே தொடர்ந்தன.

நம் பக்கம் ஆலைக்காக நிலம் கொடுப்பதில் காட்டும் அவசரத்தைப் பக்கத்து ஊர்ப் பாலிடெக்னிக்கில் நல்ல ஆய்வகம் கட்டுவதிலும் காட்டக் கூடாதா என்று ஔலுவைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

'பிரிட்ஜ்' திட்டம் என்கிறார்களே, அது என்ன?

2008-ல் நோக்கியா ஜெர்மனியின் போக்கும் நகரத்தில் 2,300 பேர் வேலை பார்த்த ஆலையை மூடி ருமேனியாவுக்குப் போனது. ஜெர்மனி கொந்தளித்தது. தெருவில் ஊர்வலம், நோக்கியா போன் வாங்காதே என்ற பிரச்சாரம். கம்பெனிக்குப் பணமும் பெயரும் சேர்ந்து போயின.

2011-ல் அதை விடப் பெரிய ஆட்குறைப்பு வந்தபோது 'பிரிட்ஜ்' என்று பெயர் வைத்து வேறு வழியில் போனார்கள். 13 நாடுகளில் ஏறத்தாழ 18,000 பேருக்கு வேலை போகப்போகிறது என்று தெரிந்ததும், கம்பெனிக்குள் வேறு வேலை, வெளியே வேறு வேலை, சொந்தத் தொழில், புதிய படிப்பு என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தொழில் தொடங்க ஒருவருக்கு 25,000 யூரோ வரை கிடைத்தது. நாலு பேர் சேர்ந்தால் ஒரு லட்சம் யூரோ, அதுவும் வட்டி இல்லாமல், திருப்பித் தராமல். சுமார் 1,000 சிறு கம்பெனிகள் பிறந்தன. கடைசி வேலை நாளன்று அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று பத்தில் ஆறு பேருக்குத் தெரிந்திருந்தது.

இது நல்ல திட்டம். இதைச் செய்தவர்களைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆனால் இதன் அடியில் அரசு விரித்த வலையைச் சொல்லாமல் இதை மட்டும் சொல்வது பாதிக் கதை. வேலையிழப்புக் காப்பீட்டு நிதியில் உறுப்பினராக இருந்த பின்லாந்துத் தொழிலாளிக்கு அப்போது பழைய சம்பளத்தை ஒட்டிய உதவித்தொகை 500 வேலை நாள் வரை உண்டு. வாரத்துக்கு 5 நாள் என்று கணக்கிட்டால் ஏறக்குறைய இரண்டு ஆண்டு. மருத்துவம், பிள்ளைகளின் படிப்பு எதுவும் கம்பெனியோடு கட்டப்பட்டதல்ல. 40 வயதில் ஒருவர் துணிந்து சொந்தத் தொழில் தொடங்கினார் என்றால் அந்தத் துணிச்சலில் பாதி அங்கிருந்து வந்தது.

அரசு நோக்கியாவையே காப்பாற்றியிருக்கலாமே?

எப்படி? 1990-களின் இறுதிக்குள் அதன் பங்குகளில் பத்தில் ஒன்பது வெளிநாட்டவர் கையில். போன் சந்தை அமெரிக்காவிலும் ஆசியாவிலும். வரிப்பணத்தைக் கொட்டியிருந்தால் சிம்பியனுக்கு இன்னும் இரண்டு ஆண்டு ஆயுள் கிடைத்திருக்கும். கம்பெனி போகட்டும், ஆட்களைப் பிடித்துக்கொள்வோம் என்று அரசு முடிவு செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

சூப்பர்செல், ரோவியோ போன்ற கேம் கம்பெனிகள் அந்த இடத்தை நிரப்பவில்லையா?

பணத்தில் ஓரளவு. வேலையில் இல்லை. சூப்பர்செல் 2010-ல் தொடங்கியது. 2013-ல் அதன் 51 சதவீதத்தை ஜப்பானின் சாஃப்ட்பேங்க் 150 கோடி டாலருக்கு வாங்கியபோது அங்கே வேலை பார்த்தவர்கள் 150 பேர் கூட இல்லை. அதன் நிறுவனர்கள் நாட்டிலேயே அதிக வரி கட்டியவர்களாகச் செய்தியில் வந்தார்கள், பெருமையோடு கட்டினார்கள். அந்த வரி சாலோவின் பள்ளிக்கூடத்துக்கு உதவும். சாலோவில் லைனில் நின்ற அம்மாவுக்கு அங்கே வேலை கிடைக்காது.

நாடு மீண்டுவர எவ்வளவு காலம் ஆனது?

2008-ல் இருந்த ஜிடிபி அளவைத் திரும்பத் தொட ஏறக்குறைய பத்து ஆண்டு. நோக்கியா மட்டும் காரணமில்லை. காகிதம், ரஷ்யச் சந்தை, முதுமையடையும் மக்கள்தொகை எல்லாம் சேர்ந்துகொண்டன.

இன்னொரு கதவும் மூடியிருந்தது. 1990-களில் பின்லாந்தின் பழைய நாணயமான மார்க்காவின் மதிப்பு இறங்கியதால் ஏற்றுமதி மீண்டும் எழுந்தது. 1999-ல் யூரோவுக்கு மாறிய பிறகு அந்த வழி இல்லை. அதனால் 2016-ல், ஔலு பக்கத்துத் தொலைத்தொடர்புத் தொழிலதிபராக இருந்து பிரதமரான யுஹா சிப்பிலாவின் ஆட்சியில், ஒரு போட்டித்திறன் உடன்படிக்கை போட்டார்கள். சம்பளம் கூடாமல் ஆண்டுக்கு 24 மணி நேரம் கூடுதல் வேலை. நோக்கியா போனைத் தொட்டே பார்க்காத ஆசிரியரும் நர்ஸும் கூட அந்த 24 மணி நேரத்தைக் கொடுத்தார்கள்.

நோக்கியா இன்றும் இருக்கிறதா?

இருக்கிறது. போன் செய்வதில்லை. வலையமைப்புக் கருவிகள் செய்த கூட்டுக் கம்பெனியில் சீமென்ஸுக்கு இருந்த பங்கை 2013-ல் வாங்கியது, 2016-ல் அல்காடெல்-லூசென்டைச் சேர்த்துக்கொண்டது. இப்போது தொலைத்தொடர்பு வலையமைப்புக் கருவிகள்தான் தொழில். கடையில் நோக்கியா என்று பெயர் போட்டு வந்த போன்கள் 2016-ல் தொடங்கிய ஹெச்.எம்.டி. என்ற வேறு கம்பெனியுடையவை.

ஒரு துறையை நம் ஊர் அளவுக்கு மீறி நம்புகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஜிடிபி எண்ணைப் பார்க்காதீர்கள். ஊரில் வீட்டு வாடகை எந்தக் கம்பெனியின் ஷிஃப்டை வைத்து ஏறுகிறது என்று பாருங்கள். உதிரிபாகக் கம்பெனிகளுக்கு ஒரே வாடிக்கையாளரா, பலரா என்று கேளுங்கள். வேலை பார்ப்பவர் நாளை வெளியே வந்தால், கற்ற வேலையை ஐம்பது கிலோமீட்டருக்குள் வேறு எங்காவது விற்க முடியுமா? ஔலுவில் முடிந்தது, சாலோவில் முடியவில்லை.

ஸ்ரீபெரும்புதூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். 2003-ல் நோக்கியா 1100 வந்ததை நினைத்துப் பாருங்கள். தூசி புகாத கீபேட், வழுக்காத முதுகு, உச்சியில் சின்ன டார்ச். கரண்ட் போன ராத்திரியில் மெழுகுவத்தி தேடுவதற்கு முன் அந்த டார்ச்சைத் தட்டாத வீடு நம் பக்கம் குறைவு. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற போன் அது. இந்தியச் சந்தை அந்த அளவுக்கு வளர்ந்ததும் போனை இங்கேயே செய்ய முடிவானது. 2005-ல் தமிழக அரசோடு ஒப்பந்தம், 2006 ஜனவரியில் உற்பத்தி. சால்காம்ப், பெர்லாஸ், ஃபாக்ஸ்கான் என்று உதிரிபாகக்காரர்களும் கூடவே வந்தார்கள். உச்சத்தில் நோக்கியா ஆலையில் மட்டும் 8,000 பேர் வரை நேரடி வேலை. பெரும்பாலும் பெண்கள், பிளஸ் டூ முடித்த கையோடு வந்தவர்கள். விடியும் முன் கிராமத்து முக்கில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்று, மாதச் சம்பளத்தில் தம்பியின் கல்லூரிக் கட்டணம் கட்டிய தலைமுறை அது.

2013 ஜனவரியில் வருமான வரித் துறைச் சோதனை வந்தது. மென்பொருளுக்காகத் தாய்க் கம்பெனிக்கு அனுப்பிய தொகைக்கு வரி பிடிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. கோரிக்கை 2,000 கோடி ரூபாய்க்கு மேல். பிறகு மாநில விற்பனை வரிக் கோரிக்கையும் சேர்ந்தது. சொத்துகள் முடக்கப்பட்டதால், 2014 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் கைக்கு மற்ற பல ஆலைகள் போனபோது ஸ்ரீபெரும்புதூர் வெளியே நின்றது. வரி வழக்குதான் ஆலையை மூடியது என்று மட்டும் சொன்னால் நேர்மையாகாது. பட்டன் போன் விற்பனை ஏற்கெனவே இறங்கியிருந்தது, வியட்நாமில் புதிய ஆலை திறந்திருந்தது.

6,600 பேரில் சுமார் 5,000 பேர் வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) கையெழுத்துப் போட்டார்கள். 2014 நவம்பர் 1-ம் தேதியோடு உற்பத்தி நின்றது. அடுத்த மாதம் பக்கத்து ஃபாக்ஸ்கான் ஆலையும் நின்றது. 2018-ல் இந்தியாவும் பின்லாந்தும் பேசி வரித் தகராறு தீர்ந்தது. நோக்கியா சுமார் 1,600 கோடி ரூபாய் கட்டியது. அரசுக்குப் பணம் வந்தது, கம்பெனிக்கு வழக்கு முடிந்தது. நாலு வருஷம் முன்பே வீட்டுக்குப் போனவர்களுக்கு அந்தத் தீர்வில் இடமில்லை. சாலோவில் லைனை விட்டு வெளியே வந்தவருக்குக் காத்திருந்த 500 நாள் உதவித்தொகை போன்ற எதுவும் இவர்களுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு ஊரிலும் ஒரே கம்பெனியின் போன்களைத்தான் பொருத்தினார்கள்.

அந்த ஆலையில் இப்போது யார் இருக்கிறார்கள்?

சால்காம்ப். போன் சார்ஜர் செய்யும் கம்பெனி. நோக்கியா குடும்பத்திலிருந்து பிரிந்து சாலோவைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தது, பிறகு சீனக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. 2019 நவம்பரில் அன்றைய மத்திய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத், மூடிக்கிடக்கும் நோக்கியா ஆலையை சால்காம்ப் வாங்குவதாகவும், ஐந்து ஆண்டில் 2,000 கோடி ரூபாய் முதலீடும் 10,000 பேருக்கு வேலையும் வரும் என்றும் அறிவித்தார். ஆலை மீண்டும் ஓடுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் 2014-ல் 24 வயதில் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வெளியேறிய பெண்ணுக்கு 2020-ல் 30 வயது. நம் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் லைன்களுக்கு ஆள் எடுக்கும்போது பெரும்பாலும் கேட்கிற வயது 18 முதல் 25.